தேய்ந்த அரமும் தீட்டிய அறிவும்

நாட்டிலே கற்றவர் தொகை பெருகி வருகிறது. களிப்புக்குரிய செய்திதான். ஆனால், கற்றவர் கைகள் என்னவாயின? எழுதுகோலையும் கைப்பேசியையும் ஏந்தும் கை, சுத்தியை ஏந்தக் கூசுகிறது. அரத்தைத் தொட அஞ்சுகிறது. கை அழுக்காகாத வேலையே நல்ல வேலை என்பது நம் இல்லங்களில் எழுதாத சட்டமாகிவிட்டது. அந்த எண்ணத்தை வெட்டி எறிய ஒரு கத்தி வேண்டும், தோழர்களே! அந்தக் கத்தியை மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்பது என் துணிபு. உவமையாகச் சொல்லவில்லை, உண்மையான கத்தியைத்தான் சொல்கிறேன்.

பொருளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் நோக்கி வரும் நெடுஞ்சாலையில், தமிழகம் முடிந்து கருநாடகம் தொடங்கும் எல்லையூர் அத்திபெலே. ஒரு பக்கம் ஓசூரின் தொழிற்பேட்டைகள். மறு பக்கம் பொம்மசந்திரா. இடையிலே பெரிதும் சிறிதுமாக எத்தனையோ பட்டறைகள்! அங்கெல்லாம் இரும்பின் பிசிறை நீக்கும் அரங்கள் நாள்தோறும் தேய்கின்றன. பல் மழுங்கிய அரத்தால் பட்டறைக்குப் பயனில்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் தேய்ந்தது பல் மட்டுமே, உடல் தேயவில்லை. நல்ல அரம் நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மிகுதியாகக் கரி கலந்த எஃகு. கட்டடக் கம்பியில் அந்தக் கரி ஏறத்தாழக் கால் பங்கே இருக்கும். கரியே கூர்மையின் தாய். ஆகவே, கடைக்காரர் குப்பையென்று எடை போடுவது, கத்திக்கு மிக ஏற்ற பொருள்.

செலவும் பெரிதன்று. பழைய அரம் ஒன்று, நான்கைந்து செங்கல், ஒரு மூட்டை அடுப்புக்கரி, காற்று ஊத ஓர் இரும்புக் குழாய், ஒரு காந்தத் துண்டு, நீண்ட இடுக்கி, ஒரு தகரக் குவளை எண்ணெய், ஒரு சாணைக்கல். இவ்வளவே.

முதலில் அரத்தைச் சோதிக்க வேண்டும். மேல் தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட மலிவு அரங்களும் உண்டு. அவை கத்திக்கு உதவா. அரத்தின் ஓரத்தைச் சற்றே அரைத்துத் தோலைப் போக்கிவிட்டுச் சாணைச் சக்கரத்தில் பிடித்தால், நல்ல எஃகின் பொறி மத்தாப்பூவைப்போலக் கிளைத்துக் கிளைத்து வெடிக்கும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாக ஓடி மறையும். பிறகு அதைக் கரியிலே செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து, ஓர் இரவு முழுதும் ஆறவிட வேண்டும். மறுநாள் அது இளகிய இரும்பாகியிருக்கும். வேறோர் அரத்தாலேயே அதை அராவி உருவாக்கலாம். பழைய பல்லின் வரிகளை, குறிப்பாக வாய்ப்பக்கத்தில், சுவடின்றி நீக்கிவிட வேண்டும். ஏனெனில் வரி இருக்கும் இடத்தில்தான் பின்னர் விரிசல் விழும். வாயை இப்போதே மெல்லியதாக்கிவிடக் கூடாது. நாணயத்தின் தடிமனளவு விட்டுவைக்க வேண்டும்.

அடுத்ததுதான் உயிர்நிலை. கொல்லர்கள் இதைத் தோய்ச்சல் என்பர். மீண்டும் காய்ச்சும்போது, ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இரும்பு காந்தத்தை மறந்துவிடுகிறது. காந்தம் ஒட்டாத அந்த நிலையைக் கடந்து, நிறம் இன்னும் சற்றே தெளிந்ததும், இளஞ்சூடான எண்ணெயில் கத்தியை நேராக இறக்க வேண்டும். வெளியே எடுத்தால் அரம் அதன்மேல் வழுக்கும், அவ்வளவு கடினம். ஆனால் கீழே விழுந்தால் கண்ணாடிபோல் உடையும், அவ்வளவு பேதைமை. ஆகையால், 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். துலக்கிய எஃகின்மேல் வைக்கோலின் மஞ்சள் படர்ந்தால் பதம் வந்தது என்று பொருள். நீலம் ஏறினால் அது வில்லுக்கு ஏற்ற பதம், கத்திக்கு ஆகாது. பிறகு சாணைக்கல்லில் தீட்டி, மரப்பிடி பூட்ட வேண்டியதுதான்.

இங்கே நின்று எண்ணிப் பாருங்கள். எஃகின் உள்ளமைப்பு 727 டிகிரியில் மாறத் தொடங்குகிறது என்று நூலில் படிக்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், முழு மதிப்பெண்ணும் பெறுகிறோம். அந்த இரும்பை நம்முன் காய்ச்சி வைத்து, "இப்போது இறக்கலாமா?" என்று கேட்டால் திகைத்து நிற்போம். கொல்லர் திகைப்பதில்லை. அவர் உலைக்களம் மங்கலாக இருப்பதைக் கண்டு வறுமை என்று மட்டும் எண்ணாதீர்கள். நிழலில்தான் நெருப்பின் நிறம் சரியாகத் தெரியும் என்பதை அறிந்து அமைத்த இருள் அது. அவர் கண்ணில் இருப்பதும் கல்விதான். அதற்குப் பட்டமில்லை, பட்டயமில்லை, ஆகவே மதிப்புமில்லை.

அந்தக் கல்வி இம்மண்ணுக்குப் புதியதும் அன்று. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலை அகழ்ந்தவர்கள் இரும்பு உருக்கிய உலைகளைக் கண்டனர். 1800-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றிவந்த பிரான்சிசு புக்கானன், ஊர்ப்புறங்களில் எஃகு செய்யும் முறையைக் கண்டு விரிவாக எழுதிவைத்தார். ஐரோப்பியர் இந்த எஃகை 'ஊட்ஸ்' என்றனர். கன்னடத்தின் 'உக்கு' என்ற சொல்லே அவ்வாறு திரிந்தது என்பர். நம் 'உருக்கு'ம் அதன் உடன்பிறப்பே. இரண்டு சொல்லும் சந்திக்கும் அத்திபெலேயில் நின்று இதை நினைக்கும்போது உள்ளம் சிலிர்க்கிறது. 1819-இல் இலண்டனில் இந்த எஃகை ஆராய்ந்து கட்டுரை வரைந்தவர் மைக்கேல் பாரடே. அவர் யார்? கொல்லர் மகன்! கொல்லர் மகன் அறிவியல் மேதையானார். நம் அறிவியல் மேதையின் மகன் ஒரு நாளாவது கொல்லுலையில் நிற்பானா?

"கடையிலே மலிவாகக் கத்தி கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு?" என்பர் சிலர். கத்திக்காக மட்டும் என்றால் இந்தப் பாடு வேண்டியதில்லைதான். வாங்கிய கத்தி காயை நறுக்கும். செய்த கத்தி காயையும் நறுக்கும், நம் செருக்கையும் நறுக்கும்.

"இது குலக்கல்வி அல்லவா?" என்று கேட்போரும் உளர். அவர்கள் கேள்வியில் நியாயம் உண்டு. 1953-இல் இராசாசி ஆட்சி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், சிறுவரைப் பாதி நாள் பெற்றோர் தொழிலுக்கு அனுப்ப முனைந்தது, நாடு எதிர்த்தது, 1954-இல் அது கைவிடப்பட்டது. எதிர்த்தது சரியே! கொல்லர் மகனைக் கொல்லுலையிலேயே கட்டிப்போடுவது கொடுமை. நான் வேண்டுவது அதன் நேர் எதிர். கொல்லர் மகள் ஆய்வுக்கூடத்துக்கு வரட்டும். கணக்கர் மகன் உலைக்களத்துக்குப் போகட்டும். தொழிலைப் பிறப்போடு பிணைத்த கட்டு, எல்லோரும் அத்தொழிலைத் தொடும்போதுதான் அறும்.

"ஆபத்து அன்றோ?" என்றால், ஆம். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி வேண்டும். எண்ணெய்க்கு மூடியுள்ள இரும்புக் கலம் வேண்டும். அருகே மணல் வேண்டும், எண்ணெய்த் தீயில் தண்ணீரை ஊற்றவே கூடாது. அறிந்தவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். நான்கு அங்குலக் காய்கறிக் கத்தி போதும். அதன் இடம் சமையலறை, சட்டைப்பை அன்று.

அறிந்தவர் என்றேனே, அங்கேதான் என் கோரிக்கை. நம் பல்கலைக்கழகம் ஒரு சிறு உலைக்களம் அமைக்கட்டும். அதில் கற்பிக்கத் தொழில் செய்யும் கொல்லர் ஒருவரை, ஆசிரியர் என்ற பெயரோடும் ஆசிரியர்க்குரிய ஊதியத்தோடும் அமர்த்தட்டும். பொறியியல் மாணவர் மட்டுமல்லர், தமிழ் பயில்வோரும் வரலாறு பயில்வோரும் அங்கே சென்று ஒரு கத்தியேனும் செய்யட்டும்.

பண்புடைமையைப் பேச வந்த வள்ளுவர், அறிவின் கூர்மைக்கு அரத்தையே உவமை காட்டினார். மக்கட்பண்பு இல்லாதபோது அந்தக் கூர்மையால் பயனில்லை என்றார். தோய்ச்சலோடு நின்ற எஃகு உடையும் என்பதை உலை முன் நின்றவன் மறக்கமாட்டான். தேர்வுகள் நம்மைக் கடினமாக்கிவிட்டன, தோழர்களே. இனிப் பதம் வேண்டும். அதைக் கற்றுத் தரும் ஆசிரியர் ஏதோ ஒரு சாலையோரத்துத் துருத்தியின் அருகே அமர்ந்திருக்கிறார். அவருக்கு வயதாகிறது. அவர் உலை அணையுமுன் சென்று கற்போம், வாரீர்!