பேக்கப்பும் அதே அலமாரியிலயா?

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தது. மறுநாள் காலையில் பார்த்தா, 24 மணி நேரத்துல மயிலத்துல 51 செ.மீ. மழை. திண்டிவனத்துல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி. லேப்டாப் போச்சு. பேக்கப் எடுத்து வெச்சிருந்த ஹார்ட் டிஸ்க்கும் போச்சு. ரெண்டும் ஒரே அலமாரியில, அதுவும் கீழ்த்தட்டுல!

"500 ஜிபி டிஸ்க்கை எங்க கொண்டுபோய் வைக்கிறது?" இதுதான் என் பழைய சாக்கு. ஆனா காலி இடத்தை எதுக்குக் காப்பி எடுக்கணும்? குளோன்ஸில்லா, டேட்டா இருக்கிற பிளாக்குகளை மட்டும் எடுத்துச் சுருக்கி ஒரு இமேஜா தரும். சிஸ்டம் படுத்தா அதிலிருந்தே திரும்ப எழுப்பலாம். என்னோட இமேஜ் இப்போ சென்னையில், அக்கா வீட்டுல.

தினசரி வேலைக்கு ரெஸ்டிக். ஃபைல்களைத் துண்டு துண்டா வெட்டி, ஏற்கெனவே சேமிச்ச துண்டை மறுபடி சேமிக்காது. முதல் தடவைதான் இழுக்கும். அப்புறம் மாறினது மட்டும் போகும். ஆர்குளோன் வழியா அனுப்புறேன். ப்ராஜெக்ட் முழுசும் கூகுள் டிரைவோட இலவச 15 ஜிபிக்குள்ள அடங்கிடுச்சு. பாஸ்வேர்டு தொலைஞ்சா மொத்தமும் காலி. அதனால எழுதி அம்மாகிட்ட கொடுத்திருக்கேன்.

ரிவ்யூல "பேக்கப் இருக்கா?"ன்னு கேட்டா எல்லாரும் தலையாட்டுவோம். "வேற லேப்டாப்ல இப்பவே ரீஸ்டோர் பண்ணிக் காட்டு"ன்னு கேளுங்க சார்.