கூடுவிட்டுக் கூடு

இலக்கிய வாசகர்களான நமக்கு ஒரு பெருமிதம் உண்டு: பிறர் மனத்துக்குள் கூடுவிட்டுக் கூடு பாய நமக்குத் தெரியும் என்பது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு அவ்வித்தை வாராது, ஆகவே கற்பித்தாக வேண்டும் என்று நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கற்பிப்பதில் நமக்குப் பிணக்கில்லை. எதை, யாருக்கு என்பதில்தான்.

1985இல் லண்டனில் சைமன் பாரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, உட்டா ஃபிரித் ஆகியோர் இரு பொம்மைகளைக் கொண்டு ஒரு சிறு நாடகம் நடத்தினார்கள். சாலி தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியேறுகிறாள். ஆன் அதை எடுத்துப் பெட்டியில் ஒளித்து விடுகிறாள். திரும்பி வரும் சாலி எங்கே தேடுவாள்? ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், கோலி உண்மையில் இருந்த பெட்டியையே காட்டினர். சரியாகக் கூடையைக் காட்டிய நால்வரைப் பிற்பாடு பேசியவர்களில் பலர் வசதியாக மறந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

விடையைச் சொல்லிக்கொடுக்க முடியும். 1990களின் நடுவில் ஜூலி ஹேட்வின் குழுவினர் சொல்லிக்கொடுத்தும் பார்த்தார்கள். பிள்ளைகள் சோதனையில் முன்னேறினர். உரையாடலில் அதன் பலன் தென்படவில்லை. கோனார் உரையை மனப்பாடம் செய்தவன் கவிதையைப் படித்துவிட்டான் என்று எந்தத் தமிழாசிரியரும் ஒப்புக்கொள்ளமாட்டார் அல்லவா?

அமெரிக்காவில், மிச்சிகனில் ஆசிரியையாக இருந்த கேரல் கிரே உருவாக்கிய 'சமூகக் கதைகள்' இவ்விடத்தில் நம் கவனத்துக்குரியவை. 'இப்படிச் செய்' என்னும் வாக்கியம் ஒன்று வந்தால், சூழலையும் பிறர் மனநிலையையும் விவரிக்கும் வாக்கியங்கள் குறைந்தது இரண்டேனும் வரவேண்டும் என்பது அவர் வகுத்த விதி. நாம் ஒன்று எழுதிப் பார்ப்போம்: 'மணி அடித்ததும் பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடுவார்கள். நெடுநேரம் உட்கார்ந்திருந்ததால் அவர்களுக்கு அது மகிழ்ச்சி. சிலருக்கு அந்தச் சத்தம் காதை வலிக்கச் செய்யும். நான் காதைப் பொத்திக்கொள்ளலாம்.' நான்கே வாக்கியங்களில் ஓடுகிறவர் மனமும் இருக்கிறது, பொத்திக்கொள்கிறவர் மனமும் இருக்கிறது.

நடைமுறையிலோ இவ்விதி தலைகீழாகிவிடுகிறது. கத்தாதே, கையை ஆட்டாதே, கண்ணைப் பார்த்துப் பேசு என்று ஏவல் வினைகளே மிஞ்சுகின்றன. கண்ணோடு கண் நோக்குவது ஆட்டிசம் உள்ள பலருக்குத் துன்பம் தருவது. அவர்களே வளர்ந்தபின் எழுதியிருக்கிறார்கள். பெரியவர் முன் தலைதாழ்த்தி நிற்பதையே மரியாதை என்று பயின்ற நாம், இதை மட்டும் சமூக அறிவின் அளவுகோலாக ஏற்றுக்கொண்டது விந்தைதான்.

2012இல் டேமியன் மில்டன் என்னும் ஆங்கிலேயச் சமூகவியலாளர், தாமும் ஆட்டிசம் உள்ளவர், இதனை இருதரப்புச் சிக்கலாக வரையறுத்தார். அவர்களுக்கு நம் மனம் புரியவில்லை எனில், நமக்கும் அவர்கள் மனம் புரிவதில்லை. நியாயமான பேச்சு. ஆயினும் பயிற்சிக்கு அனுப்பப்படுகிறவர் ஒரு தரப்பார் மட்டுமே, அதிலும் வயதில் சிறியவர்.

சிறப்பாசிரியர் பயிற்சியில் ஒரு பாடவேளையையேனும் மாற்றியமைக்கலாம் என்பது நம் கருத்து. குழந்தைக்கான கதையை எழுதுமுன், அதே இடைவேளையை அக்குழந்தையின் காதுகளிலிருந்து ஆசிரியர் ஒரு பக்கம் எழுதட்டும். பேச முடிந்த பிள்ளையானால் அதனிடமே படித்துக் காட்டித் திருத்தம் கேட்கட்டும்.