கடற்கரை அபார்ட்மென்ட் ஹோட்டல்: வாடகை 12,000 ரூபாய், பில் 14,160 ரூபாய். இது வீடா, ஹோட்டலா?

கோபர்கைரனேயிலிருந்து சனிக்கிழமை காலையில் காரில் கிளம்பினால், பன்வேல், பேண், வட்கல் வழியாக மதியச் சாப்பாட்டுக்கு அலிபாக் போய்விடலாம். மஹாபே, ஐரோலி ஐடி பார்க்குகளில் வேலை பார்க்கும் எங்கள் நண்பர்கள் ஆறு பேரின் வாட்ஸ்அப் குரூப்பில் சமீபத்தில் ஓடிய பேச்சு இதுதான்: ஒரு இரவு தங்கணும், எங்கே தங்கலாம்?

இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று, கடற்கரையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு அபார்ட்மென்ட் ஹோட்டல். மூன்று படுக்கையறை, ஒரு ஹால், சமையலறை. ஒரு இரவுக்கு 12,000 ரூபாய். இன்னொன்று, சாதாரண ஹோட்டலில் மூன்று அறைகள். ஒவ்வொன்றும் 4,000 ரூபாய். அதுவும் மொத்தம் 12,000தான்.

“ரெண்டும் ஒரே ரேட்டுதானே, கிச்சன் இருக்கறதையே போட்டுடலாம்” என்றான் ஒரு நண்பன். கட்டணம் செலுத்தும் பக்கம் வரை போய்ப் பார்த்தால் ஒரே ரேட் இல்லை. அபார்ட்மென்ட்டுக்கு 14,160 ரூபாய். மூன்று அறைகளுக்கு 12,600 ரூபாய். வித்தியாசம் 1,560 ரூபாய்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் போனால், அது வரியோடு நிற்கவில்லை. அபார்ட்மென்ட் ஹோட்டல் என்பது விளம்பரத்தில் வீடு, வரிக் கணக்கில் ஹோட்டல், பிரச்னை வந்தால் இரண்டும் இல்லை. இந்தக் குழப்பத்தின் விலையைக் கொடுப்பது பெரும்பாலும் தங்கப் போகிறவர்தான்.

வரி எப்படிக் கணக்கிடப்படுகிறது?

தங்கும் அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் மாறியது. ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு அதுவரை 12% இருந்த வரி 5% ஆனது. 7,500-ஐத் தாண்டினால் முன்பு போலவே 18%.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் ‘யூனிட்’. வரி விகிதத்தை முடிவு செய்வது, ஒரு தங்கும் யூனிட்டுக்கு ஒரு நாளைக்கு நீங்கள் உண்மையில் கொடுக்கும் விலை. அதில் எத்தனை பேர் தங்குகிறார்கள் என்பது கணக்கில் வராது. தனி அறை ஒரு யூனிட். மூன்று படுக்கையறை கொண்ட அபார்ட்மென்ட்டை மொத்தமாக வாடகைக்கு விட்டால் அதுவும் ஒரே யூனிட்.

எங்கள் ஆறு பேர் கணக்கு இப்படி:

- மூன்று அறைகள்: 4,000 × 3 = 12,000. வரி 5%, அதாவது 600. மொத்தம் 12,600. தலைக்கு 2,100 ரூபாய்.
- ஒரு அபார்ட்மென்ட்: 12,000. வரி 18%, அதாவது 2,160. மொத்தம் 14,160. தலைக்கு 2,360 ரூபாய்.

இதே கணக்கை 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய விகிதத்தில் போட்டால் மூன்று அறைகளுக்கு 13,440, அபார்ட்மென்ட்டுக்கு 14,160. அப்போது வித்தியாசம் 720 ரூபாய். இப்போது 1,560. அதாவது வரிக் குறைப்பு, தனித்தனி அறை எடுப்பவர்களுக்கு உதவியது. செலவைப் பகிர்ந்துகொள்ள ஒரே வீட்டில் தங்கும் குடும்பத்துக்கும் நண்பர்கள் குழுவுக்கும் ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. தலைக்கு 2,000 ரூபாய் வாடகை கொடுப்பவரிடம், ஒரே அறைக்கு 8,000 ரூபாய் கொடுப்பவரிடம் வாங்கும் அதே 18%தான் வாங்கப்படுகிறது.

7,500 ரூபாய் என்ற கோடும் புதியதல்ல. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தபோதே உச்ச விகிதம் தொடங்கும் இடம் அதுதான். அப்போது 28% இருந்தது, 2019 அக்டோபரில் 18% ஆனது. விகிதம் மாறியது, கோடு நகரவில்லை. இத்தனை வருட விலையேற்றத்தில், ஒரு காலத்தில் சொகுசு என்று எண்ணப்பட்ட வாடகையை இன்று லாங் வீக்கெண்டில் ஒரு சாதாரண அபார்ட்மென்ட்டே தொட்டுவிடுகிறது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் விலைகளில் இன்னும் கவனம் தேவை. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. 7,600 ரூபாய் அறைக்கு வரியோடு 8,968. நூறு ரூபாய் கூடுதல் வாடகை, பில்லில் 1,093 ரூபாய் கூடுதல் ஆகிறது. அலிபாக் மட்டுமல்ல, மாமல்லபுரம், புதுச்சேரி, கோவா எங்கே போனாலும் இதே கோடுதான்.

‘ஓனர் ஜிஎஸ்டி பதிவு செய்யல’ என்றால்?

சின்ன உரிமையாளர்கள் பலர் இப்படிச் சொல்வதுண்டு. மகாராஷ்டிராவிலும் தமிழ்நாட்டிலும் சேவைத் தொழிலில் ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டாதவர், பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஆப் வழியாக புக் செய்தால், பதிவு செய்யாத உரிமையாளருக்குப் பதிலாக அந்த ஆப் நிறுவனமே வரியைக் கட்ட வேண்டும் என்கிறது ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவு. அதனால் ஆப் பில்லில் வரி இருப்பது முறைதான்.

நேரடியாகப் பேசி யுபிஐயில் பணம் அனுப்பும்போதுதான் சிக்கல். பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. வாங்கினால் பில்லில் 15 இடங்கள் கொண்ட ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். மகாராஷ்டிரா எண் 27 என்று தொடங்கும், கோவா 30, தமிழ்நாடு 33. வெறும் ‘டாக்ஸ்’ என்று கையால் எழுதிய துண்டுச் சீட்டு வரி பில் ஆகாது.

வரி போக, க்ளீனிங் ஃபீ, கன்வீனியன்ஸ் ஃபீ என்று கடைசிப் பக்கத்தில் மட்டும் முளைக்கும் கட்டணங்கள் உண்டு. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 வகை இணைய உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. விலையின் ஒரு பகுதியை மறைத்துவைத்துக் கடைசியில் காட்டுவது, கேட்காத சேவையைத் தானாகச் சேர்ப்பது, உண்மையில்லாமல் ‘இன்னும் ஒரே ஒரு அறைதான்’ என்று அவசரப்படுத்துவது மூன்றும் அதில் வருகின்றன. புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். முதல் பக்கத்தில் காட்டிய விலையும் கடைசிப் பக்கத்து விலையும் சேர்ந்து இருந்தால்தான் புகார் நிற்கும்.

வாசலில் நிறுத்தினால்?

முன்பு ஒரு முறை கொங்கண் கடற்கரையில் இப்படி ஒரு ஃப்ளாட்டில் தங்கினேன். சாவி கொடுத்த கேர்டேக்கர் சொன்ன முதல் விஷயம் வைஃபை பாஸ்வேர்ட் இல்லை. “கேட்ல யாராவது கேட்டா ஓனரோட கசின்னு சொல்லிடுங்க.” ஆப்பில் நான் கெஸ்ட், கேட்டில் கசின். குடியிருப்புச் சங்கத்துக்குத் தெரியாமல் அந்த ஃப்ளாட் ஹோட்டலாக ஓடிக்கொண்டிருந்தது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது. அன்று இரவு சங்கத்து ஆட்கள் வந்து வெளியே போகச் சொல்லியிருந்தால், பணம் கொடுத்த ரசீதை வைத்துக்கொண்டு ‘நான் கசின்’ என்று எப்படிச் சொல்வது?

திருமணமாகாத ஜோடிகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. இதில் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. 2019 ஜூனில் கோவையில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். காரணம், ஒரு அறையில் திருமணமாகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தார்கள், இன்னொரு அறையில் மது பாட்டில்கள் இருந்தன. நிர்வாகம் சென்னை உயர்நீதிமன்றம் போனது. அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி எம்.எஸ். ரமேஷ், திருமணமாகாத இருவர் ஹோட்டல் அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று கூறி, சீலை அகற்ற உத்தரவிட்டார். விருந்தினர் தன் சொந்த உபயோகத்துக்கு அனுமதிக்கப்பட்ட அளவில் மது வைத்திருப்பதும் குற்றமில்லை என்றார். விளக்கம் கேட்காமல் சீல் வைத்த முறையும் தவறு என்றது தீர்ப்பு.

இதில் ஒரு எல்லையும் உண்டு. தீர்ப்பு அதிகாரிகளின் நடவடிக்கை பற்றியது. தனியார் விடுதி தனக்கென்று ‘ஹவுஸ் ரூல்ஸ்’ வைத்துக்கொண்டு செக்-இன்னில் மறுப்பது இன்னும் நடக்கிறது. அதனால் பணம் கட்டும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது.

கட்டடம் எங்கே நிற்கிறது?

‘பீச் ஃபேசிங்’ என்பது விளம்பரத்தில் பெருமை. சட்டத்தில் அது ஒரு கேள்வி. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலான நிலத்தைக் கட்டுப்படுத்துகிறது. 2019 அறிவிக்கைப்படி, கிராமப்புறக் கடற்கரையில் மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் இருந்தால் முதல் 50 மீட்டரும், அதற்குக் குறைவாக இருந்தால் முதல் 200 மீட்டரும் புதிய கட்டுமானம் தடை செய்யப்பட்ட பகுதி. உள்ளூர் மக்கள், மீனவர்கள் ஏற்கெனவே இருக்கும் தங்கள் வீட்டை மாற்றாமல் ஹோம்ஸ்டே நடத்த இடம் உண்டு. வெளியூர் முதலீட்டாளர் கட்டும் புதிய அபார்ட்மென்ட் அந்தச் சலுகையில் வராது.

மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அலிபாக்கிலேயே உதாரணம் இருக்கிறது. கிஹிம் கடற்கரையில் நீரவ் மோடியின் பங்களா 2019 மார்ச் 8 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. கேரளாவில் மரடு அடுக்குமாடிக் குடியிருப்புகள் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் இடிக்கப்பட்டதை டிவியில் நாடே பார்த்தது.

ஒரு இரவு தங்குபவருக்கு இதில் என்ன கவலை என்று கேட்கலாம். கடலோர அனுமதி இல்லாமல் கட்டியவர், தீயணைப்பு அனுமதியை மட்டும் ஒழுங்காக வாங்கியிருப்பார் என்று எதை வைத்து நம்புவது?

தீ வந்தால் வழி எது?

2025 ஏப்ரல் 29 இரவு கொல்கத்தாவின் படாபஜார் பகுதியில் ஒரு ஹோட்டலில் தீப்பிடித்தது. 14 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் புகையில் மூச்சுத் திணறி. அதில் மூன்று பேர் கரூர் மாவட்டத்திலிருந்து சுற்றுலா போன ஒரே குடும்பத்தவர், இருவர் குழந்தைகள். ஹோட்டலின் தீயணைப்புச் சான்று காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்ததாக அதிகாரிகள் பிறகு சொன்னார்கள். அந்த அறையை புக் செய்த யாரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள். நாமும் கேட்பதில்லை.

மகாராஷ்டிராவில் 2006-ஆம் ஆண்டு தீத்தடுப்புச் சட்டம் பொருந்தும் கட்டடங்களின் உரிமையாளர், உரிமம் பெற்ற நிறுவனத்திடம் தீயணைப்புக் கருவிகளைச் சோதித்து, ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும் ‘ஃபார்ம் பி’ என்ற சான்றைத் தர வேண்டும். ஹோட்டல் என்று பதிவாகாமல் வீடு என்ற பெயரிலேயே ஓடும் அபார்ட்மென்ட் இந்தச் சோதனைக்குள் வராமல் நழுவிவிட முடியும். பில்லில் ஹோட்டல், சோதனையில் வீடு.

பணம் கட்டும் முன் ஐந்து கேள்விகள்

1. பில் யார் பெயரில், ஜிஎஸ்டி எண் என்ன? அபார்ட்மென்ட் முழுதும் ஒரே யூனிட்டா, அறை அறையாகவா?
2. எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கடைசி விலை எவ்வளவு? திரும்பக் கிடைக்கும் டெபாசிட் எவ்வளவு?
3. இது ஹோட்டலாக அல்லது ஹோம்ஸ்டேயாகப் பதிவானதா? குடியிருப்புச் சங்கத்துக்குத் தெரியுமா?
4. யார் யார் தங்கலாம், என்ன அடையாள அட்டை வேண்டும்? பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வரட்டும்.
5. தீயணைப்புச் சான்று எந்தத் தேதி வரை செல்லும்? இரண்டாவது படிக்கட்டு எங்கே?

எங்கள் குரூப் சார்பில் அந்த அபார்ட்மென்ட்டுக்கு போன் போட்டு இந்த ஐந்தையும் கேட்டோம். முதல் இரண்டுக்கும் பதில் உடனே வந்தது. மூன்றாவதுக்கு “அதெல்லாம் பிரச்னை இல்ல சார்.” ஐந்தாவதுக்கு “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”

மூன்று அறைகளை புக் செய்தோம். அங்கே படிக்கட்டு இரண்டு இருந்தது, ஒன்றில் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ரிசப்ஷனில் சொன்னோம். அரை மணி நேரத்தில் எடுத்தார்கள்.