வளைவில் ஒரு மஞ்சள் விளக்கு

சாயங்காலம் ஐந்தரை மணி ஆனால் போதும், குடியிருப்புகளின் நடைபாதையில் கூட்டம் சேர்ந்துவிடும். சர்க்கரைக்காக நடக்கிற மாமனார், முழங்கால் வலியோடு மெள்ள அடியெடுத்து வைக்கிற மாமியார், குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளுகிற இளம் தாய். அதே பாதையில் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளின் சைக்கிள்களும்! நேர்ப் பாதையில் தொல்லை இல்லை. ஒருவரையொருவர் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். சுவரோ செம்பருத்திப் புதரோ மறைக்கிற வளைவில்தான் வம்பு.

எங்கள் குடியிருப்பில் போன வருஷம் ஒரு பெரியம்மா இப்படித்தான் விழுந்தார். சைக்கிள் அவர்மேல் படக்கூட இல்லை. திடீரென்று எதிரே வந்ததும் பதறிப் பின்வாங்கினார், கால் தடுமாறிவிட்டது. இடுப்பு எலும்பு முறிவு. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் பலம் வேகமாகக் குறைகிறது. இளம் வயதில் சிராய்ப்போடு போய்விடுகிற விஷயம், அறுபத்தைந்து வயதில் ஆபரேஷன் வரை கொண்டுபோய் விடுகிறது. அதைப் பார்த்த மற்ற பெரியவர்களும் பயந்துபோய் நடப்பதையே நிறுத்திவிட்டார்கள்.

சங்கக் கூட்டத்தில் ஒரே ரகளை. "சைக்கிளே உள்ளே கூடாதுன்னு போர்டு மாட்டுங்க" என்றது ஒரு கட்சி. "அப்போ எங்க பிள்ளைங்க ரோட்டுல லாரிக்கு நடுவுல ஓட்டணுமா?" என்றது இன்னொரு கட்சி. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, பாருங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், வளரும் பிள்ளைகளுக்குத் தினமும் 60 நிமிடம் உடலசைவு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதை ஒன்றுதான். இருவருக்கும் வேண்டியதும் அதுதான்.

கடைசியில் மாடிவீட்டு அக்காவின் மகன், பாலிடெக்னிக்கில் படிக்கிறவன், ஒரு வழி சொன்னான். ஆள் வரும்போது மட்டும் எரிகிற எச்சரிக்கை விளக்கு. எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. கூடவே உட்கார்ந்து செய்ததால் விவரமாகச் சொல்கிறேன்.

தேவையானவை: பி.ஐ.ஆர். சென்சார் 1 (எச்.சி.எஸ்.ஆர்.501 என்று கேட்டால் எலெக்ட்ரானிக் சாமான் கடையில் தருவார்கள்), மஞ்சள் எல்.இ.டி. 8, 270 ஓம் ரெசிஸ்டர் 8, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் 1, பி.சி.337 டிரான்ஸிஸ்டர் 1, எமர்ஜென்சி விளக்கில் இருக்குமே அந்த 6 வோல்ட் 4.5 ஆம்பியர்-மணி பாட்டரி 1, 1 ஆம்பியர் ப்யூஸ், மூன்று கம்பி உள்ள கேபிள், மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா 2, எம்-சீல் கொஞ்சம்.

செய்முறை: மாடிப்படியில் நாம் ஏறினால் தானே எரிகிற விளக்கு இருக்கிறதல்லவா, அதில் இருக்கும் சென்சார்தான் இதுவும். உடம்பிலிருந்து வரும் வெப்பம் அசைவதைக் கண்டுகொள்ளும். அதற்கு மூன்று கால்கள். ஓரத்துக் கால்கள் இரண்டும் பாட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் போகும். நடுக்கால் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக டிரான்ஸிஸ்டரின் பேஸுக்குப் போகும். ஒவ்வொரு எல்.இ.டி.யும் ஒரு 270 ஓம் ரெசிஸ்டரோடு பிளஸ்ஸுக்கும் டிரான்ஸிஸ்டரின் கலெக்டருக்கும் நடுவில். எமிட்டர் மைனஸுக்கு. பாட்டரியின் பிளஸ்ஸை ஒட்டியே ப்யூஸை வைத்துவிட வேண்டும். பற்றவைக்கத் தெரியாதவர்கள் டி.வி. ரிப்பேர் செய்பவரிடம் இந்தப் பத்தியைக் காட்டினால் போதும், புரிந்துகொள்வார்.

சென்சாரில் சின்னதாய் இரண்டு திருகு இருக்கும். ஒன்று எவ்வளவு தூரம் பார்க்க வேண்டும் என்பதற்கு, இன்னொன்று எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதற்கு. பத்து செகண்டு போதும். மின்சாரம் கொடுத்ததும் ஒரு நிமிஷம் தானாக மினுக்கும். அது பழுதில்லை, விட்டுவிடுங்கள்.

"சீரியல் விளக்கை மாட்டினால் ராத்திரி முழுக்க மினுக்குமே, இவ்வளவு வேலை எதற்கு?" என்று கேட்டார்கள். எப்போதும் மினுக்குகிற விளக்கைக் கண் இரண்டு நாளில் மறந்துவிடும். சும்மா இருந்தது சட்டென்று எரிந்தால்தான் திரும்பிப் பார்ப்போம். செலவுக் கணக்கும் போட்டுப் பார்த்தோம். எட்டு எல்.இ.டி.யும் சேர்ந்து ஏறக்குறைய 120 மில்லி ஆம்பியர் இழுக்கும். ராத்திரி பன்னிரண்டு மணி நேரமும் எரிந்தால் பாட்டரி மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஆள் வரும்போது மட்டும், நாளைக்கு 200 தடவை, தடவைக்குப் பத்து செகண்டு எரிந்தால் பாதி பாட்டரியே ஒரு மாசம் வரும். சோலார் தகடு கூட வேண்டாம். மாசம் ஒருமுறை கழற்றிச் சார்ஜ் போட்டால் சரி.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். சென்சாரையும் விளக்கையும் ஒரே இடத்தில் வைத்தால் பிரயோஜனமில்லை. இந்தச் சென்சார் ஏழு மீட்டருக்கு மேல் பார்க்காது. பிள்ளைகள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு செகண்டில் நாலு மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார்கள். விளக்கைப் பார்த்து, புரிந்துகொண்டு, ஓரமாய் ஒதுங்க வயதானவர்களுக்கு நாலு செகண்டாவது கொடுக்க வேண்டாமா? அதற்குப் பதினேழு மீட்டர் வேண்டும். மூன்று புடவையை நீளவாக்கில் விரித்தால் வருகிற தூரம். ஆகையால் சென்சார் டப்பாவை வளைவுக்கு மூன்று புடவை நீளம் முன்னால் வையுங்கள். பாட்டரியும் விளக்கும் வளைவில் இருக்கட்டும். இரண்டையும் கேபிள் இணைக்கும். கேபிள் காலில் தட்டாமல் சுவரோரமாய் ஆணியடித்துப் போக வேண்டும். பாதையின் இரண்டு பக்கத்துக்கும் இதுபோல ஒவ்வொன்று.

சென்சார் நேரே பாதையைப் பார்க்காமல் பக்கவாட்டில் குறுக்கே பார்க்கட்டும். நேராக வருவதைவிடக் குறுக்கே கடப்பதை அது நன்றாகப் பிடிக்கும். அதன் வெள்ளைக் குமிழ் வெளியே தெரிய வேண்டும். கண்ணாடி போட்டு மூடினால் உடம்புச் சூடு உள்ளே போகாது. டப்பாவில் ஓட்டை போட்டுக் குமிழைச் சுற்றி எம்-சீல் வைத்தால் மழையும் எறும்பும் நுழையாது. நேர் வெயில் படக்கூடாது. சித்திரை வெயிலில் காற்றின் சூடும் உடம்புச் சூடும் ஒன்றாகிவிடும்போது சென்சார் தடுமாறும். நல்லவேளை, அந்த உச்சிவேளையில் யாரும் நடப்பதில்லை.

நடப்பவர் யார், சைக்கிள் எது என்று இதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆகவே பலகையில் "சைக்கிள் வருது" என்று எழுதாமல், "எதிரே ஆள் வருது" என்று எழுதினோம். மஞ்சளில் கறுப்பு எழுத்து, நாலு விரல் உயரம். கண்புரை உள்ளவர்களுக்கும் தெரிய வேண்டுமே!

ஜாக்கிரதை: 6 வோல்ட் ஷாக் அடிக்காது என்றாலும் பாட்டரியின் இரண்டு முனையும் கம்பியால் தொட்டுக்கொண்டால் பயங்கரமாகச் சூடேறும். டப்பாவைக் குழந்தைகளுக்கு எட்டாமல் மாட்டுங்கள். வீட்டு மின்சாரத்தை வெளியே இழுக்கவே வேண்டாம். பூங்கா, ஏரிக்கரை போன்ற பொதுப் பாதை என்றால் நகராட்சியின் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

விளக்கு வந்துவிட்டதே என்று பிள்ளைகளைக் காற்றாய்ப் பறக்க விடலாமா? கூடாது. பாட்டரி தீர்ந்துபோகலாம், கம்பி அறுந்துபோகலாம். நடப்பவர்களும் சைக்கிள்களும் சேர்ந்து போகும் பாதைகள் நிறைய உள்ள சிங்கப்பூரில்கூட, நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்கு 10 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். வளைவு வந்தால் மெதுவாக, இடது ஓரமாக, மணியடித்துப் போகணும் என்று பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லுங்கள். எங்கள் சங்கத்தில் சைக்கிளைத் தடை செய்யும் பேச்சு இப்போது இல்லை. நடப்பதை நிறுத்தியிருந்த பெரியவர்கள் ஒவ்வொருவராக மறுபடி வர ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் பக்கத்து வளைவுக்கும் ஒன்று செய்து மாட்டிவிட்டு, எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.