கடற்கரையும் கர்மபலனும்

நடக்க இயலாத ஒருவர் கடலருகே போக முடியாததற்குக் காரணம் என்ன? பூர்வஜன்ம பாவம் என்று நம் வைதீகர்கள் வெகு சுலபமாய்ச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 இல் மணல்மேல் நிலையான மரப்பாதை ஒன்று திறக்கப்பட்டது. சக்கர நாற்காலிகள் அலைக்கருகே போய் நின்றன. தடுத்தது பாவமல்ல, சக்கரம் புதையும் மணலே என்பது 263 மீட்டர் பலகையால் விளங்கிவிட்டதா இல்லையா? எந்தப் பரிகாரமும் செய்யாத காரியத்தைத் தச்சர் செய்தார். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. அதற்கும் வேண்டியிருந்தது சாந்தியல்ல, பழுதுபார்க்கும் ஆட்களே!

நிற்க, இதைத் தருமமென்று பேசித் திரிகிறவர்களும் உண்டு. 2016 ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29 ஆவது பிரிவோ, பிறருக்குச் சமமாய்ப் பொழுதுபோக்கில் கலந்துகொள்வதை உரிமையென்றே கூறுகிறது. உரிமையுள்ளவர் தம்மைத் தூக்கிவிட ஆள் தேடி நிற்பானேன்? மேலும், கடற்கரைக்கு வரும் பஸ்ஸில் நாற்காலி ஏறாவிட்டால் அந்தப் பலகை யாருக்கு? சென்னையில் 2024 இல் புதிய தாழ்தள பஸ்கள் விட்டார்கள், சந்தோஷமே. ஆனால் படிக்கட்டு பஸ்களும் ஓடுகின்றனவே! இனி எந்த நகரசபையும் பூங்காவுக்குத் திட்டம் போட்டால், நாற்காலியில் வரும் ஒருவரை அழைத்து, பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே போய்ப் பார்க்கச் சொல்லி, அதன்பிறகே கையெழுத்திட வேண்டும்.