பளபளத் தொட்டியும் புள்ளிப் பூவும்

எங்கள் விருத்தாசலத்தில் செராமிக் தொட்டிக்குப் பஞ்சமில்லை. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கும் ஊராச்சே! அகல் விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டை என்று சூளையில் வேகாத சாமான் இல்லை. அந்தப் பெருமையில்தான் போன ஐப்பசியில் நான் ஒரு தப்பு செய்தேன்.

நெய்வேலியில் இருந்த சித்தி, இஞ்சி மாதிரி ஒரு கிழங்கைக் கொடுத்திருந்தார். பெலாம்கண்டா. விசிறி விரித்தாற்போல வாள் வாளாக இலை. ஆரஞ்சு இதழில் சிவப்புப் புள்ளி தெளித்த ஆறிதழ்ப் பூ. சித்தி காலமான பிறகு, அந்தச் செடிக்கு மரியாதை செய்கிறேன் என்று நீலப் பளபளப்புத் தொட்டி ஒன்று வாங்கி அதில் மாற்றி நட்டேன். அடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அடைமழை நாலு நாள். இலை அடியிலிருந்து மஞ்சளாகிச் சாய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஒரு சொம்பு ஊற்றினேன்! பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்து, "அது தண்ணி கேக்கலம்மா, மூச்சு கேக்குது. கவுத்துப் பாரு" என்றார். கவிழ்த்தேன். சேற்று நாற்றம். முக்கால் கிழங்கு கூழ்.

மிஞ்சியதைக் காப்பாற்றிய விதம்

சுத்தமான கத்தியால் அழுகலை முழுவதும் அறுத்தேன். கெட்டியான சதை தெரியும்வரை வெட்ட வேண்டும். பாவம் பார்த்து மிச்சம் வைத்தால் அழுகல் பரவும். கட்டைவிரல் அளவுத் துண்டு ஒன்று, ஒரே ஒரு குருத்தோடு தேறியது. வெட்டிய இடத்தில் அடுப்புச் சாம்பல் தடவி, இரண்டு நாள் நிழலில் உலர்த்தி, சாதாரண மண்தொட்டியில் நட்டேன்.

ஏன் மண்தொட்டி? சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். ஈரம் சுவர் வழியாகவும் வெளியேறும். பளபளப்புத் தொட்டியின் மேல் இருப்பது கண்ணாடிப் பூச்சு. அதில் ஈரம் கசியாது. அடியில் ஓட்டையும் இல்லையென்றால் அது தொட்டியல்ல, கிணறு.

நடும் முறை

* பத்து, பன்னிரண்டு அங்குலத் தொட்டி. ஓட்டையின் மேல் ஓட்டாஞ்சில்லு ஒன்று.
* செம்மண் இரண்டு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு.
* கிழங்கைப் படுக்கவைத்து, மேலே ஓர் அங்குல மண் போதும். ஆழம் கூடாது.
* காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் மதியம் நிழல்.
* விரலை விட்டுப் பாருங்கள். மேல்மண் காய்ந்திருந்தால்தான் தண்ணீர்.
* பூங்காம்பு இரண்டு மூன்று அடி எழும்பும். குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.
* மூன்று வருடத்துக்கு ஒருமுறை கிழங்கைப் பிரித்து நடலாம்.

அழகுத் தொட்டியை விட மனமில்லையா? மண்தொட்டியை அதற்குள் வையுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை அன்றன்றே கொட்டிவிடுங்கள், கொசு முட்டையிடும். ஓட்டை போடுவதானால் டைல்ஸ் துளைக்கும் பிட்டால், சுத்தியல் அதிர்வு இல்லாமல், தண்ணீர் சொட்டவிட்டு மெதுவாகப் போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் விரிசல்தான்.

பேர் நம்ம பக்கத்துப் பேர்

இது ஐரிஸ் குடும்பம். காஷ்மீர்க் குங்குமப்பூவும் பூங்கொத்து கிளாடியோலஸும் இதன் பங்காளிகள். 'பெலாம்கண்டா' என்ற பெயர், கொச்சியிலிருந்த டச்சு அதிகாரி வான் ரீட் தொகுத்து 1678 முதல் 1693 வரை வெளிவந்த 'ஹோர்டஸ் மலபாரிகஸ்' நூலில் உள்ள மலையாளப் பெயரிலிருந்து வந்தது. 2005ல் தாவரவியலாளர்கள் இதை 'ஐரிஸ் டொமெஸ்டிகா' என்று மாற்றினார்கள். இலையைப் பார்த்து வசம்பு என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு குடும்பம். இந்தக் கிழங்கைத் தின்றால் வயிற்றைப் புரட்டும். குழந்தைகள், ஆடு மாடு எட்டாத இடத்தில் வையுங்கள்.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் ஆயுசு. சாயங்காலம் பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொள்ளும். மறுநாள் அடுத்த மொட்டு. காய் வெடித்தால் உள்ளே கறுப்பு மணிகள் பளபளவென்று கொத்தாக நிற்கும். அதை விதைத்தும் வளர்க்கலாம், பூக்கப் பொறுமை வேண்டும்.

என் துண்டுக் கிழங்கு இந்த ஆடியில் பூத்தது. மூன்றே மூன்று பூ. முதல் பூவைச் சித்தி மகளுக்கு போட்டோ எடுத்து அனுப்பினேன். "அம்மா வீட்டுப் பூவாக்கா?" என்று கேட்டாள். அடுத்த தடவை கிழங்கு பிரிக்கும்போது முதல் துண்டு அவளுக்கு. கூடவே ஓட்டை உள்ள ஒரு மண்தொட்டியும்!

உங்கள் வீட்டுத் தொட்டிகளை இன்றைக்கே ஒருமுறை தூக்கி அடியைப் பாருங்கள். மழைக்காலம் வருவதற்குள்.