வறிய அரங்கும் காமன் பொட்டலும்

போலந்து நாட்டு நெறியாளர் யேர்சி குரொட்டொவ்ஸ்கியின் வாழ்க்கையை அரங்கியல் மாணவர் ஆண்டுவாரியாக ஒப்புவிப்பர். 1933இல் பிறப்பு, 1959இல் ஒப்போலே நகரின் பதின்மூன்று வரிசை அரங்கிற்குப் பொறுப்பு, 1965இல் விறொத்சுவாவ் நகருக்குப் பெயர்வு, 1982இல் நாடு நீங்கல், 1999இல் இத்தாலியில் மறைவு. நன்று. ஆயின் வட்டகொடைத் தோட்டப்புறத்தில் காமன் கூத்தை ஆடியும் ஆட்டுவித்தும் மூத்த வாத்தியார் ஒருவரின் பிறந்த ஆண்டைக் கேட்டால், அவர்களுள் வாய் திறப்பார் யார்?

மலையகத்தில் உள்ளது சடங்கே, நாடகம் அன்று என்பது கற்றோர் சிலரின் விடை. குரொட்டொவ்ஸ்கி செய்தது யாது? ஒப்பனை, காட்சித்திரை, ஒளிவிந்தை யாவற்றையும் களைந்தார். நடிகனின் உடலும் குரலுமே அரங்கின் உயிர் என்றார். நடிப்போனுக்கும் பார்ப்போனுக்கும் இடையிலிருந்த வேலியை அகற்றி, இழந்துபோன சடங்கின் ஆற்றலைத் தேடினார். காமன் பொட்டலிலோ அவ்வேலி இருந்ததே இல்லை. மாசியில் கம்பம் நட்ட நாள்முதல் லயத்து மக்கள் யாவரும் கூத்தின் பங்காளிகளே. ரதி வேடம் புனைந்தவன் பகலில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவன். தப்பொலி ஏற ஏற வீரபத்திரனுக்குக் கூட்டம் அஞ்சி வழிவிடும். மன்மதன் எரிந்தபின் எழும் ஒப்பாரியில் ஆடியோர் எவர், கண்டோர் எவர் எனப் பிரித்தறிதல் அரிது. போலந்தில் புதுமை எனப் போற்றப்படுவது இங்கே சடங்கு எனத் தாழ்த்தப்படுவது எவ்வகை நியாயம்?

இதனை வறிய அரங்கு எனப் புகழ்வதும் பிழையே. குரொட்டொவ்ஸ்கி வறுமையைத் தேர்ந்தவர். அவரது அரங்கிற்கு அரச மானியம் இருந்தது. தோட்டத்துக் கலைஞன் எதனையும் தேர்ந்தவன் அல்லன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவனை நாடற்றவனாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. (ஆட்டுக்கிடையைப் பிரிப்போரும் தாயையும் குட்டியையும் பார்த்தே பிரிப்பர்.) மன்மதன் கப்பலிலும் ரதி லயத்திலுமாகப் பிரிந்தபின்னும் கூத்து எஞ்சியதே வியப்பு.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்' முதலாகப் பேராதனையில் கூத்துகளை மேடையேற்றியமை பெரும்பணி. 'இராவணேச'னில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னர் நெறியாளராகவும் பேராசிரியராகவும் உயர்ந்தார். பல்கலைக்கழகம் தொட்டதனால் மட்டக்களப்புக் கூத்து வரலாறாயிற்று. அண்ணாவிமார் பெயர்களும் ஏட்டில் ஏறின. பேராதனையைத் தொட்டுச் செல்லும் பதுளைப் புகையிரதப் பாதையே வட்டகொடையையும் தொடுகின்றது. தொலைவிலிருந்த மட்டக்களப்பைக் கண்ட கண்ணுக்கு அருகிருந்த மலை மறைந்தது ஏன்? சாதியும், கூலி என்னும் இழிபெயரும் திரையிட்டன என்பதை மூடிமறைத்துப் பயனில்லை.

காமன் கூத்தைப் பற்றிக் கட்டுரைகள் பின்னர் வந்தன. ஆடியவனின் வாழ்க்கை எங்கே? தமிழ்த்துறை மாணவர் எழுதும் ஆய்வேடுகளுள் ஆண்டுக்கு ஒன்றேனும் ஒரு வாத்தியாருக்கு ஒதுக்கப்படல் வேண்டும்: அவர் யாரிடம் பயின்றார், எவ்வேடம் தாங்கினார், எவரை ஆட்டுவித்தார், அவர் குழுவில் எவரெவர் கப்பலேறினர். பாடல்கள் அவர் நினைவிலும் பழைய கொப்பிகளிலும் கிடக்கின்றன. கம்பம் நடுவது மாசியில். ஒலிப்பதிவுக் கருவியும் குறிப்பேடும் தையிலேயே ஆயத்தமாகலாம்.